வாத்தியமும் காப்புறுதியும்

உடப்பிலும் முன்னேஸ்வரத்திலும் திருவிழாக்களில் வாசிக்கச் செல்லும் நம் மாணவர் சிலர், வீட்டுக் காப்புறுதி போதுமென்று எண்ணுகின்றனர். அப்பத்திரம் பெரும்பாலும் வாசற்படியோடு நின்றுவிடும். சன்மானம் பெற்று வாசித்தால் அது தொழிலெனவும் கொள்ளப்படலாம். ஆகவே, வெளியூர்க் கச்சேரியையும் சன்மானத்தையும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தல் வேண்டும்.

வாத்தியத்தைத் தவறவிடுவது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வதன்று. மேதை யோ-யோ மா, 1733ஆம் ஆண்டில் செய்யப்பட்ட தம் செல்லோவை 1999இல் நியூயோர்க் டாக்சியில் மறந்து இறங்கினார். அன்றே அது மீண்டது. அந்த நல்லூழை நம்பியிராமல், விலைச்சீட்டையும் படத்தையும் வேறிடத்தில் பத்திரப்படுத்துவோம்.

உப்புக் காற்றில் தந்தி துருப்பிடித்தால் அது தேய்மானம். பொதுவாக இழப்பீடு கிடையாது. கச்சேரி முடிந்ததும் துடைத்து உறையிடும் கையே அதற்குக் காப்புறுதி.