அடிக்காதீங்க... மாட்டுக்கும் பயம் உண்டு!

சென்னை புறநகரில் நேற்று சாயங்காலம் கண்ட காட்சி இது. மினி லாரியில் ஒரு பசுவை ஏற்ற 4 பேர் மல்லுக்கட்டினார்கள். ஒருவர் வாலை முறுக்கினார். இன்னொருவர் கம்பால் விளாசினார். "ஏறித் தொலையேன்!" என்று கத்தல் வேறு. மிரண்ட பசு விட்ட உதையில், வால் பிடித்தவருக்கு முழங்காலில் சரியான அடி!

அது அடம் பிடிக்கவில்லை, ஐயா. பயந்து போய் நின்றது. மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கே நின்று அடித்தால் மிரளாமல் என்ன செய்யும்? பலகை வழுக்கினாலும், லாரிக்குள்ளே இருட்டாக இருந்தாலும் கால் வைக்கத் தயங்கும்.

வழி சுலபம். கத்தாதீங்க. பலகையில் சாக்கு விரித்து வைக்கோல் போடுங்க. பக்கவாட்டில், தோளுக்குச் சற்றுப் பின்னால் நின்று மெதுவாக நெருங்கினால் மாடு தானாக முன்னே நடக்கும்.

மாட்டை வீணாக அடித்து வதைப்பது 1960-ம் வருஷச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேல் இல்லை என்று அதில் எழுதினார்கள். அபராதம் சிறிசுதான். முழங்கால் போனால் செலவு பெரிசு!

இனியாவது கம்பைக் கீழே போடுவார்களா?