சோலையை வளர்த்தவர் யார்?

காட்டை அழிப்பவன் குடியானவன் என்றே நாமும் பள்ளியிற் படித்தோம். மேற்கு ஆபிரிக்காவில், கினி நாட்டின் கிசிதூகு பகுதியிலே, புல்வெளி நடுவே ஊர்தோறும் ஒரு சோலை சூழ்ந்து நிற்கும். அழிந்த பெருங்காட்டின் எச்சம் அது என்று பிரெஞ்சு ஆட்சியினரும் அவர்க்குப் பின் வந்தோரும் முடிவு கட்டினர். தீ வைத்தவருக்குத் தண்டம் விதித்தனர்.

1990களில் ஜேம்ஸ் பெயர்ஹெட், மெலிசா லீச் என்னும் சமூக ஆய்வாளர் இருவர் அங்கே தங்கி முதியோரை வினவினர். 1952இல் விமானத்திலிருந்து பிடித்த படங்களைப் பிற்காலச் செய்மதிப் படங்களுடன் ஒப்பிட்டனர். காடு குறையவில்லை, பல இடங்களிற் பெருகியிருந்தது! வீட்டுக் குப்பையும் சாம்பலும் மண்ணுக்கு உரமாயின. மாடு மேய்ந்து புல் குறைந்ததால் தீ அணுகவில்லை. சோலைகளை வளர்த்தவர் அக்குடியானவரே. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பர், கேட்பாரைத்தான் காணோம்.