காஞ்சிப் பட்டுக்கு ஒரு வர்த்தகக் கொள்கை வேண்டாமா?

காஞ்சிபுரத்தில் யாரும் பட்டுப்புழு வளர்த்துப் பிழைப்பதில்லை. தங்கச் சுரங்கமும் கிடையாது, வெள்ளிச் சுரங்கமும் கிடையாது. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்த சேலை சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் தாண்டியும் போகிறது. ஊருக்குச் சொந்தமானது தறியும், கையும், கோர்வை போடத் தெரிந்த மூளையும்தான்.

இப்படிப்பட்ட இடத்தைப் பொருளாதாரத்தில் சிறிய திறந்த பொருளாதாரம் என்பார்கள். மூலப்பொருளின் விலையை நிர்ணயிக்கும் பலம் அதற்குக் கிடையாது. சிங்கப்பூரும் அந்த ஜாதிதான். குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கைக்கூட பக்கத்து நாட்டிலிருந்து வாங்குகிற நாடு அது. ஆனால் மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியம் தவிர வேறு எதற்கும் அங்கே இறக்குமதி வரி கிடையாது. காரணம் தாராள மனசு இல்லை. வாங்கி விற்றுப் பிழைக்கிறவன், வாங்குகிற பொருளுக்கு வரி போட்டால் தன் தலையிலேயே மண்ணைப் போட்டுக்கொள்கிறான் என்ற கணக்குதான்.

காஞ்சிபுரம் என்ன செய்கிறது? 'சீனப் பட்டை விரட்டு' என்று கோஷம் எழுந்தால் கூடவே கோரஸ் பாடுகிறது!

சீனத் துணி வேறு, சீன நூல் வேறு. துணிக்கு வரி போட்டால் தறிக்குப் பாதுகாப்பு. நூலுக்கு வரி போட்டால் தறிக்குச் செலவு. 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2013இல் 15 ஆனது. இடையில் 10க்கு இறங்கி, 2021இல் மறுபடி 15 ஆனது. வரியை ஏற்றும்போதெல்லாம் சொல்லப்பட்ட நியாயம் மல்பெரி விவசாயியின் நலன். அது பொய்யான நியாயம் இல்லை. ராமநகரத்தில் கூடு விற்கிற விவசாயிக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அவருக்காகப் பேச ஆள் இருக்கிறது. நூல் வாங்கி நெய்கிறவனுக்காக அந்த மேஜையில் பேசியது யார்?

விலை ஏறினால் முதலாளிதானே நஷ்டப்படுவார், கூலிக்கு நெய்கிறவருக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நடப்பது நேர் எதிர். 2021-22இல் நூல் விலை எகிறியபோதும், 2025இல் தங்கமும் வெள்ளியும் ஏறி ஜரிகையை இழுத்துக்கொண்டு போனபோதும் வியாபாரிக்கு ஒரு வழி இருந்தது. பாவு கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். சரக்கைத் தேக்கி வைத்து விலை பார்த்து விற்கலாம். பாவு இல்லாத தறிக்காரருக்கு எந்த வழியும் இல்லை. அவர் நூல் வாங்குவதும் இல்லை, சேலை விற்பதும் இல்லை. ஆனால் வெளிச்சந்தையின் ஆட்டம் முழுவதும் அவர் வீட்டு அடுப்பில் வந்து முடிகிறது. அவர் பிள்ளை ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டால் 'இளைஞர்களுக்குப் பாரம்பரியத்தின் மேல் அக்கறை இல்லை' என்று மேடையில் வருத்தப்படுவது சுத்த போலித்தனம்.

அடுத்தது பெயர். 'காஞ்சிபுரம் பட்டு' 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. போலியாக அந்தப் பெயரைப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை என்கிறது சட்டம். 1985ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வேறு இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் விசைத்தறிச் சேலை, கலப்பு ஜரிகைச் சேலை எல்லாம் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் கூசாமல் விற்கிறது. நூல் விலை காஞ்சிபுரத்தின் கையில் இல்லை, சரி. ஆனால் பெயர் அதன் கையில்தானே இருக்கிறது? அதையும் காக்காமல் விட்டதற்குச் சீனாவைக் குறை சொல்ல முடியுமா?

செய்ய வேண்டியது மூன்று. கூட்டுறவுச் சங்கங்கள் தனித்தனியாக அலையாமல் நூலையும் ஜரிகையையும் சேர்ந்து மொத்தமாக வாங்க வேண்டும். தமிழ்நாடு ஜரிகை ஆலை ஊரிலேயே இருக்கிறது, அதை முழு வீச்சில் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, பட்ஜெட்டுக்கு முன்பே சங்கங்களும் வியாபாரிகளும் ஒரே குரலில் டில்லியிடம் பேச வேண்டும். கேட்க வேண்டியது இதுதான்: துணிக்கு வரி போடுங்கள், நூலுக்கு வரியைக் குறையுங்கள், மல்பெரி விவசாயிக்கு நேரடியாக மானியம் கொடுங்கள். மூன்றாவது, போலிச் சேலை விற்கிற கடைகள் மேல் வழக்குப் போட ஒரு பொது நிதி. சேலைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் கொடுத்தாலே போதும்.

இதெல்லாம் அரசியல் ஆகிவிடும், வியாபாரிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லலாம். இன்றைக்கு லாபம் பார்க்கிறவர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்தான். ஆனால் நெய்ய ஆள் இல்லாத ஊரில் அவர் எதை விற்பார்? பல்லவர் காலத்திலேயே சீனாவுக்குத் தூது அனுப்பிய ஊர் என்று பெருமை பேசுகிறோம். அந்த ஊர் இன்று நூல் வாங்க மட்டும் ஆளுக்கொரு பையோடு தனித்தனியாகப் போய் நிற்கலாமா?