மலை ஏற மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி வேறு

மே மாதத்துச் சனிக்கிழமை காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் சிக்கியவர்களுக்கு இது தெரியும். மேலே கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ் திரும்பத் திணறும். கீழே கார்கள் வரிசை கட்டி நிற்கும். பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ கருகிய வாசனை வரும். யாரோ ஒருவருடைய கிளட்ச் தீய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த கார் மேனுவலாகவும் இருக்கலாம், ஆட்டோமேட்டிக்காகவும் இருக்கலாம்.

“ஆட்டோமேட்டிக்ல கிளட்சே கிடையாதே, அப்புறம் எப்படி கருகும்?” என்று கேட்பவர்கள் நிறைய. பெடல்தான் கிடையாது. பல ஆட்டோமேட்டிக் கார்களில் கிளட்ச் பத்திரமாக உள்ளே இருக்கிறது. முதல் கார் வாங்கும் இளைஞர்கள் ஏமாறும் இடம் இதுதான். ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. மலையில் அவை நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். அதனால் ‘மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், ‘எந்த ஆட்டோமேட்டிக்?’ என்று கேட்டாக வேண்டும்.

முதலில் சுமைக் கணக்கு. சுமார் 900 கிலோ எடையுள்ள ஒரு சின்ன காரில் ஐந்து பேர் ஏறி, பின்னால் பெட்டிகளையும் திணித்தால் கூடுதலாக 400 கிலோ வரை சேரும். கார் தன் எடையில் கிட்டத்தட்ட பாதியைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு ஏறுகிறது. பிரிட்டனில் காருக்குப் பின்னால் கேரவன் இழுத்துச் செல்பவர்களுக்கும் இதே பிரச்சினைதான். (நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகம் வரும், அங்கே அது விடுமுறைக்கு இழுத்துப் போகும் சக்கர வீடு.) புதிதாக இழுப்பவர்கள், கேரவனின் எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது அங்கே வழக்கம். நம் ஊரில் யாரும் காரை எடை போட்டுவிட்டு மலை ஏறுவதில்லை. போதாக்குறைக்கு, ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிவதால், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அங்கே போய்ச் சேரும்போது தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும்.

இந்தச் சுமையோடு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதுதான் கியர்பாக்ஸின் குணம் தெரியும். மேனுவல் காரில் ஓட்டுநர் ‘ஹாஃப் கிளட்ச்’ பிடித்தே காரை நிறுத்தி வைத்தால், தட்டு உரசி உரசிச் சூடாகும். ஹேண்ட் பிரேக் போட்டு நின்று, கிளம்பும்போது மட்டும் கிளட்சை விடத் தெரிந்தவருக்குப் பிரச்சினை இல்லை. அப்படித் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஏ.எம்.டி. என்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஓட்டுநருக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. இந்தியாவில் 2014-ல் மாருதி செலரியோவில் வந்த பிறகு இது பரவலானது. மேனுவலைவிட சுமார் அரை லட்சம் ரூபாய்தான் அதிகம் என்பதால் பட்ஜெட் கார்களில் இதற்கு மவுசு. ஆனால் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே காரை நகராமல் பிடித்து வைத்தால், கருவி ஹாஃப் கிளட்ச் பிடிக்கிறது என்று பொருள். தட்டு சூடாகும். கியர் மாறும் நொடியில் இழுவை விட்டுப்போவதால், முழுச் சுமையில் கார் தலையாட்டித் தலையாட்டி ஏறும்.

டி.சி.டி. இதற்கு நேர் எதிர். இரண்டு கிளட்ச், மின்னல் வேக கியர் மாற்றம், ஹைவேயில் ஓட்டினால் ஆசை வரும். அதே கார் ஏற்றத்தில் ஊர்ந்தால் கதை மாறுகிறது. குறிப்பாக எண்ணெயில் நனையாத ‘டிரை’ கிளட்ச் வகை, நெரிசலில் சூடேறி எச்சரிக்கை விளக்கைப் போடக்கூடும். சி.வி.டி. ஏற்றத்தில் மென்மையாகக் கிளம்பும். ஆனால் முழுச் சுமையில் இன்ஜின் கத்துகிற கத்தலுக்கு வேகம் வராது. காது பொறுத்துக்கொண்டால் சரி.

மிச்சம் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். இதில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளம்பும்போது உரச வேண்டிய தட்டு இல்லை. எதிரெதிரே இரண்டு விசிறிகள், நடுவில் எண்ணெய். ஒன்று சுற்ற, எண்ணெய் மற்றதைச் சுற்றுகிறது. கிளம்பும் நேரத்தில் இது இன்ஜினின் முறுக்குவிசையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக்கூடப் பெருக்கித் தரும். உண்டாகும் சூட்டை எண்ணெய் எடுத்துக்கொள்கிறது, அதைக் குளிர்விக்க ஏற்பாடும் உண்டு. பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறும் சாலைக்கே செய்தது போன்ற அமைப்பு. கனமான சுமையை இழுப்பவர்கள் இதைத் தேடுவதற்குக் காரணமும் அதுதான். மைலேஜ் சற்றுக் குறையும், விலையும் மேனுவலைவிட ஒரு லட்சத்துக்கு மேல் கூடும். ஆனாலும் குடும்பத்தோடு அடிக்கடி மலைக்குப் போகிறவர் சன்ரூஃபை விட்டுவிட்டு அந்தப் பணத்தை இங்கே போடுவது புத்திசாலித்தனம்.

ஒரே மாடலிலும் வகை மாறும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹூண்டாய் கிரெட்டாவில் சாதாரண பெட்ரோலுக்கு சி.வி.டி. வகை, டர்போ பெட்ரோலுக்கு டி.சி.டி., டீசலுக்கு டார்க் கன்வெர்ட்டர். “கிரெட்டா ஆட்டோமேட்டிக் எப்படி இருக்கு?” என்று நண்பரிடம் கேட்டால், அவர் வேறொரு இயந்திரத்தைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஏறுவது இவ்வளவுதான். கிளட்ச் கருகினால் போவது பணம். இறங்கும்போது தப்பு செய்தால் போவது உயிர். இந்த விஷயத்தில் மேனுவல் ஓட்டுநருக்கு ஒரு பழக்கம் கைகொடுக்கிறது: ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ, அதே கியரில் இறங்குவது. கொல்லிமலையின் 70 வளைவுகளையும் வால்பாறையின் 40 வளைவுகளையும் இரண்டாவது கியரில் இறங்கினால், பாதி பிரேக் வேலையை இன்ஜினே பார்த்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களில் பலர் ‘டி’யில் போட்டுவிட்டு, கால் பிரேக்கிலேயே இருக்க இறங்குகிறார்கள். காரோ இறக்கத்தில் வேகம் கூடுகிறது என்று மேல் கியருக்குத் தாவப் பார்க்கும். பிரேக் சூடாகும், சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். புதிய டாட்-4 ஆயில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது.

இதற்கான மருந்து அதே காரிலேயே இருக்கிறது. கியர் லீவரில் ‘எம்’, ‘எல்’ அல்லது ‘2’ என்றோ, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் ஷிஃப்டராகவோ இருக்கும். அதைத் தொட்டே பார்க்காமல் மூன்று வருடம் ஓட்டியவர்கள் உண்டு. டெலிவரி நாளில் மாலையும் கேக்கும் தருகிற ஷோரூம்கள் இதைப் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவோ நல்லது. நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பதும் பழைய கதை. இன்றைய கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு எரிபொருளே போகாது. நியூட்ரலில்தான் கொஞ்சம் எரியும்.

மின்சார கார்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். இறக்கத்தில் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி அனுப்பித்தான் அந்த கார் வேகத்தைக் குறைக்கிறது. ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக் கிளம்பினால், பேட்டரியில் இடம் இருக்காது. முதல் சில கிலோமீட்டருக்கு அந்த உதவி குறைந்துவிடும்.

அப்படியானால் என்ன வாங்குவது? தினமும் ஓ.எம்.ஆரில் இரண்டு மணி நேரம் நெரிசலில் நகர்ந்துவிட்டு வருடத்துக்கு இரண்டு முறை மலை ஏறுகிறவர், அந்த இரண்டு நாளுக்காக மேனுவல் வாங்கிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. கட்டுப்படியானால் டார்க் கன்வெர்ட்டர், இல்லையென்றால் ஏ.எம்.டி. போதும், ‘எம்’ மோடை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். ஊரே மலையடிவாரத்தில், ஓட்டவும் நன்றாகத் தெரியும், கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது என்பவருக்கு மேனுவலை மிஞ்ச ஒன்றுமில்லை. டெஸ்ட் டிரைவுக்கு மட்டும் தனியாகப் போகக் கூடாது. வீட்டிலிருந்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு, கூட்டமில்லாத நேரத்தில் ஏதாவது ஒரு மாலின் பேஸ்மென்ட் சாய்வில் நிறுத்திக் கிளப்பிப் பார்க்க வேண்டும். சேல்ஸ்மேன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இறங்கும் வழியில் சக்கரத்திலிருந்து கருகல் வாசனை வந்தால், அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். டீக்கடைக்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாலும் சக்கரத்தில் ஊற்ற விடக் கூடாது. சூடான டிஸ்க் சட்டென்று குளிர்ந்தால் கோணிப் போகும்.