கித்துல்கலப் பாலத்தில் இல்லாதவர்கள்

ஹட்டனில் இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போனா, கினிகத்தேனை தாண்டி இறங்கும்போது கித்துல்கல வரும். பக்கத்து சீட்டில் இருப்பவர் களனி கங்கையைக் காட்டி, "இங்கதான் அந்த இங்கிலீஷ் படம் எடுத்தாங்க" என்பார். டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’, 1957. 7 ஆஸ்கார். எனக்கும் பெருமையாத்தான் இருந்தது, படத்தைப் பார்க்கும்வரை.

லீன் லேசுப்பட்ட ஆள் இல்லை. எடிட்டராக இருந்து இயக்குநரானவர். 1945ல் வந்த ‘பிரீஃப் என்கவுண்டர்’ பாருங்க. ஒரு ரயில்வே ஸ்டேஷன், ஒரு தேத்தண்ணிக் கடை, பிரியப்போகும் இரண்டு பேர். சாதாரண ஆட்களின் துக்கத்தை அவ்வளவு கிட்டப் போய் பார்த்தவர். குவாய்க்குப் பிறகுதான் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’, ‘டாக்டர் ஷிவாகோ’ என்று பிரமாண்டமாகப் போனார்.

அந்தத் திருப்பம் நடந்த இடத்தில்தான் அவர் கண் நம்ம ஆட்களைத் தவறவிட்டது.

கதை 1942–43ல் ஜப்பான் இராணுவம் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை பற்றியது. படத்தில் பாலம் கட்டுவது பிரிட்டிஷ் போர்க்கைதிகள். நிஜத்தில் அந்தப் பாதையில் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே அதிகம். மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். செத்த கைதிகள் 12,000க்கு மேல். செத்த தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. இவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை.

இவங்க யாரோ இல்லை. நம்ம பூட்டன்மார் மன்னார் வழியா இங்க வந்த காலத்தில், அதே தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து கப்பலேறி மலாயாவுக்குப் போனவர்கள்.

நாவலைத் தழுவிய படம்தானே, வரலாற்றுப் பாடமா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனா உலகத்தில் பாதிப்பேருக்கு அந்த ரயில் பாதை பற்றித் தெரிஞ்சது இந்தப் படம் மட்டும்தான்.

இன்னொன்று. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால், அவர்கள் பெயர் படத்தில் வரவில்லை. 1984ல், இருவரும் இறந்த பிறகு, அகாடமி அந்தத் தவறைத் திருத்தியது. விடுபட்ட பெயரைப் பிறகும் சேர்க்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

படத்தைப் பாருங்க, நல்ல படம். அடுத்த முறை கித்துல்கலயில் யாராவது ஆற்றைக் காட்டினா, மலாயாத் தமிழர் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க. அந்தத் திருத்தத்தை அகாடமி செய்யாது. நாமதான் செய்யணும்.