கெப்புக்கு என்ன டயர் என்பது நம்முடைய பிரச்சினையும்தான்



சம்பளம், வீடு, காணி, சேமலாப நிதி என்று நம் சங்க ஏட்டில் எழுதாத பிரச்சினை இல்லை. இந்த முறை நான் டயரைப் பற்றி எழுதுகிறேன். "டயர் வாங்குவது கம்பனி வேலை, அதில் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். பல வருடமாகத் தோட்டத்தில் சாரதியாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நம் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

மழைக் காலத்தில் ஓர் இரவு. பதினொரு மணி இருக்கும். மேல் டிவிசன் லயத்திலிருந்து ஒரு தம்பி நனைந்துகொண்டே ஓடி வந்தான்.

"அண்ணே, வீட்டுக்காரிக்கு வலி வந்திருச்சு. 1990க்கு அடிச்சோம். இந்த மழையில அம்புலன்ஸ் ஸ்டோர் வரைக்கும்தான் வருமாம். நீங்கதான் எறக்கித் தரணும்."

தோட்டத்துக் கெப்பை எடுத்தேன். அதன் பின் டயர் இரண்டும் மொட்டை. இரண்டு மாதத்துக்கு முன்பே சின்னத் துரையிடம் சொல்லியிருந்தேன். "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று பதில் வந்தது. பிள்ளைத்தாய்ச்சியை முன் சீட்டில் இருத்தி, மாமியாரும் தம்பியும் பின்னால் ஏற, மெதுவாக இறங்கினேன். கோயில் முடக்கில் கெப்பின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி இழுத்தது. பிரேக்கை மிதித்தால் மொத்தமாகப் போய்விடும் என்று தெரியும். காலை எடுத்து, முதல் கியரிலேயே மேட்டுப் பக்கம் திருப்பினேன். கெப் கானுக்குள் இறங்கி நின்றது. மாமியார் "முனியாண்டி" என்று கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

லயத்து ஆட்கள் வந்து, சாக்கை விரித்து, கல் போட்டுத் தூக்கிவிட முக்கால் மணித்தியாலம் ஆனது. பிள்ளை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. அது அதிர்ஷ்டம். நம் பிள்ளைகள் பிறப்பதும் பிழைப்பதும் அதிர்ஷ்டத்தில் இருக்கக் கூடாது.

மறுநாள் காலை என்னிடம் கேட்ட கேள்வி, "ஏன் பார்த்து ஓட்டவில்லை?" என்பதுதான். டயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இனி, நம் பாதைக்கு எந்த டயர் பொருத்தம் என்று பார்ப்போம். கெப்புக்குக் கடையில் கிடைக்கும் டயரைப் பொதுவாக மூன்று வகையாகச் சொல்லலாம். முதலாவது எச்.டி. எனப்படும் தார் ரோட்டு டயர். சத்தம் குறைவு, எண்ணெய்ச் செலவும் குறைவு. ஆனால் வெட்டுகள் மெல்லியவை. களிமண் ஏறினால் அவை அடைபட்டு, டயர் வழவழவென்று ஆகிவிடும். இரண்டாவது எம்.டி. எனப்படும் சேற்று டயர். பெரிய கட்டிகள், அகலமான இடைவெளி. சேற்றில் நன்றாகப் பிடிக்கும். பார்ப்பதற்கும் கம்பீரம். ஆனால் நனைந்த தார் ரோட்டில் தரையைத் தொடும் இறப்பர் குறைவு, அதனால் பிரேக் பிடித்தால் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். மூன்றாவது ஏ.டி. எனப்படும் எல்லாத் தரைக்குமான டயர். இரண்டுக்கும் நடுவில் உள்ளது.

தோட்டத்துக் கெப்பின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் மலைக்கு மருந்து, உரம். பிறகு டவுனுக்குத் தார் ரோட்டில் பத்துப் பதினைந்து முடக்கு. மாலையில் மறுபடி கல் ரோடு. பாதி நாள் தார், பாதி நாள் கல்லும் களிமண்ணும். இதற்கு ஏ.டி. டயர்தான் பொருத்தம் என்பது என் அனுபவம். சேற்று டயர்தான் கெட்டிக்காரன் என்று நினைக்கும் இளம் சாரதித் தம்பிமாருக்கும் சொல்கிறேன், நம் கெப்பு சேற்றில் புதைந்தால் வேலை தாமதமாகும். நனைந்த தார் முடக்கில் நிற்காமல் போனால் ஆள் போவார்கள்.

பெயர் மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கப் பழக வேண்டும். அளவுக்குப் பின்னால் வரும் எண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் காட்டும். சாதாரணக் கார் டயர் ஒன்றில் 91 என்று இருந்தால் அந்த ஒரு டயர் 615 கிலோ தாங்கும். பாரம் ஏற்றும் கெப்புக்கான 205ஆர்16சி டயரில் 110 என்று இருந்தால் 1,060 கிலோ தாங்கும். விலை குறைவு என்று பாரம் தாங்காத டயரைப் போட்டு, உரமூட்டையையும் ஆட்களையும் ஏற்றினால், டயர் சூடேறி வெடிக்கும்.

அடுத்தது வயது. பக்கவாட்டில் சிறிய கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். பல டயர்க் கம்பனிகளே ஐந்து வருடத்துக்குப் பின் வருடாவருடம் சோதிக்கச் சொல்கின்றன. பத்து வருடமானால் வெட்டு மீதி இருந்தாலும் கழற்றச் சொல்கின்றன. பழைய டயர் வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே இறப்பர் காய்ந்து வெடித்திருக்கும்.

மூன்றாவது தேய்மானம். வெட்டுகளின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயர் தேய்ந்து அந்த மேடு வரை வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. மழையும் சரிவும் உள்ள நம் பாதைக்கு அதுவரை காத்திருப்பதும் பிழை. 3 மில்லிமீற்றர் வந்ததுமே மாற்றக் கேட்க வேண்டும். காற்றையும் மறக்கக் கூடாது. எவ்வளவு காற்று என்பது சாரதிக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரில் எழுதியிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு மட்டுமே.

சரஸ்வதி பூசைக்கு நாம் வண்டியைக் கழுவி, சந்தனம் பூசி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். நல்லதுதான். அன்றைக்கே குனிந்து அந்த நான்கு இலக்கத்தையும் வெட்டின் ஆழத்தையும் பார்த்தால் இன்னும் நல்லது.

கம்பனி சொல்லும் பதில் நமக்குத் தெரியும். "டயர் விலை ஏறிவிட்டது, தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது." விலை ஏறியது உண்மை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. அதனால் பழைய கெப்பும் பழைய லொறியும்தான் இன்னும் தோட்டங்களில் ஓடுகின்றன. பழைய வண்டி என்றால் நல்ல டயர் இன்னும் அவசியம். கம்பனியின் கணக்கிலேயே பேசுவோம். கொழுந்து ஏற்றிய வண்டி வழியில் நின்றால், சாக்குக்குள் கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும். அந்த நட்டத்தை யாரும் டயர்க் கணக்கில் எழுதுவதில்லை.

நான் என் கண்ணால் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் தோட்டத்தில் துரையின் வண்டிக்குப் புது டயர் வரும். அதிலிருந்து கழற்றிய டயர், ஆட்களை ஏற்றும் கெப்புக்கு வரும். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை, ஸ்டெப்னி இன்னொரு வகை. துரைக்குப் போதாத டயர் பிள்ளைத்தாய்ச்சிக்கு எப்படிப் போதும்?

ஒரு விஷயத்தை இறப்பர்த் தோட்டத் தோழர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். 1876இல் ஹெனரத்கொட தோட்டத்துக்கு இறப்பர்க் கன்று வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைகளில் நம் ஆட்களின் தலைமுறைகள் விடியற்காலையில் பால் வெட்டி வந்திருக்கின்றன. டயருக்கு உயிர் கொடுப்பதே இயற்கை இறப்பர்தான். அதை வெட்டிக் கொடுக்கும் சனம் மொட்டை டயரில் போகிறது என்றால், இதைவிட அநியாயம் வேறென்ன?

டயர் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கான் அடைபட்டு, தண்ணீர் பாதையில் ஓடினால் எந்த டயரும் பிடிக்காது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் என்ன செய்தது என்பதை நாம் மறக்கவில்லை. கொழுந்து லொறியில் மூட்டைக்கு மேல் ஆட்களை ஏற்றுவது நல்ல டயரிலும் ஆபத்துதான். ஆனால் பாதை போட வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். டயரை நாளைக்கே மாற்றலாம்.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இவற்றை எழுத்தில் கேட்க வேண்டும்:

1. ஆட்களை ஏற்றும் எல்லா வண்டிக்கும் பாதைக்கும் பாரத்துக்கும் பொருத்தமான டயர், நான்கும் ஒரே வகையாக.

2. டயர் போட்ட திகதி, டயரின் வயது, காற்று பார்த்த திகதி ஆகியவற்றை எழுதும் ஒரு புத்தகம். அதைக் கமிட்டித் தலைவர், தலைவிமார் பார்க்க அனுமதி.

3. டயர் சரியில்லை என்று சாரதி எழுத்தில் கொடுத்தால், மாற்றும்வரை அந்த வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. அதற்காகச் சாரதியின் பேரை வெட்டவும் கூடாது.

4. வண்டி நின்றுபோய் வேலைக்குப் பிந்தி வந்த பெண்களுக்கு அரைப் பேர் போடாமல் முழுப் பேர்.

5. இரவு அவசரத்துக்கு ஒரு வண்டி எப்போதும் தயாராக, நல்ல டயரோடும் ஸ்டெப்னியோடும்.

வேலையில் இருக்கும்போது அடிபட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் நட்டஈடு வாங்கும் குடும்பமாக நாம் ஆக வேண்டியதில்லை. அதற்கு முன்பே கேட்போம்.

சாரதித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "அடுத்த மாசம் பார்ப்போம்" என்ற பதிலை நானும் வாய்ப்பேச்சாக வாங்கிக்கொண்டு வந்தவன்தான். எழுதிக் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த இரவுக்கு முன்பே டயர் வந்திருக்கும். அந்தப் பிழையை நீங்கள் செய்யாதீர்கள். நாளைக் காலை பெரட்டுக்கு முன், வண்டியை எடுக்கும் முன், ஒரு தடவை குனிந்து டயரைப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். மீதியைச் சங்கம் பார்க்கும்.

— தோட்டச் சாரதி ஒருவர்