காலேஜ்ல பிசினஸ் கிளப்: தருமபுரிக்கு ஏன் தேவை, எப்படித் தொடங்கலாம்?

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்கு இரண்டு முகம் உண்டு. 2023 ஜூலையில் தமிழகம் முழுக்கத் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, இங்கே லோடு ஏற்ற லாரிகள் காத்துக்கிடந்தன. விலை விழும் மாதங்களில் பறிப்புக் கூலிகூட கட்டாமல் விவசாயிகள் அதே தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சாலை வழியாகத்தான் தினமும் காலேஜ் பஸ் போகிறது. உள்ளே பி.காம்., பி.பி.ஏ., பொறியியல் படிக்கும் பிள்ளைகள். படிப்பு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் ஏறப்போவது ஓசூர், பெங்களூரு, திருப்பூர் பஸ்ஸில்.

வேலைக்கு வெளியூர் போவது தப்பில்லை. "ஊர்ல இருந்து என்ன பண்றது?" என்ற கேள்விக்குப் பதில் தேடிப்பார்க்க மூன்று வருடக் கல்லூரி வாழ்க்கையில் ஒரு இடம்கூட இல்லை என்பதுதான் பிரச்சினை. மாணவர் பிசினஸ் கிளப் அந்த இடமாக இருக்க முடியும்.

ஏற்கெனவே என்ன இருக்கிறது?

காகிதத்தில் நிறையவே இருக்கிறது. கல்லூரிகளில் புத்தாக்கக் கவுன்சில் அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2018-ல் தொடங்கியது. 2019-ல் வந்த தேசிய புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போனது. கல்வி நிறுவனம் தன் ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது 1 சதவீதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். தொழில் தொடங்கும் மாணவருக்கு, முறையான அனுமதியோடு, வருகைப் பதிவு குறைந்தாலும் தேர்வு எழுத வாய்ப்பு தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 முதல் திறன் பயிற்சி தருகிறது.

தருமபுரி மாவட்டத்திலும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையம் பைசுஅள்ளியில் இருக்கிறது. செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி. அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் என அரசு கலைக் கல்லூரிகள். ஆனால் பல ஊர்களில் 'தொழில்முனைவோர் மன்றம்' என்றால் வருடத்துக்கு ஒரு விழா, ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு குரூப் போட்டோ. மறுநாள் எதுவும் மாறியிருக்காது.

வேலை செய்யும் கிளப் எப்படி இருக்கும்?

ஐஐடி மெட்ராஸில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜி, அந்த வளாகத்தின் ஆதரவில் வளர்ந்து, பின்னர் பக்கத்து ஓசூரில் மின்ஸ்கூட்டர் ஆலை கட்டியது. நல்ல முன்னுதாரணம்தான். ஆனால் ஐஐடிக்குக் கிடைக்கும் முன்னாள் மாணவர் பணமும் லேப் வசதியும் அரூருக்கோ பென்னாகரத்துக்கோ வராது. இங்கே இருப்பதை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

இருப்பதும் கொஞ்சமில்லை. கேழ்வரகு, சாமை, புளி, மாம்பழம், தக்காளி, பட்டுக்கூடு. 2023-ல் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு தொடங்கியபோது, நீலகிரியோடு தேர்வான இன்னொரு மாவட்டம் தருமபுரி.

சரி, கேழ்வரகு சத்துமாவு விற்கலாம் என்று ஒரு கிளப் முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதிரிக் கணக்கு:

- 10 கிலோ கேழ்வரகு: ரூ.400
- வறுத்து அரைக்க: ரூ.100
- கவர், லேபிள்: ரூ.222
- மொத்தச் செலவு: ரூ.722

சுத்தம் செய்ததில் ஒரு கிலோ போனால் மீதி 9 கிலோ. கால் கிலோ பாக்கெட் 36 வரும். ஒன்று 30 ரூபாய் என்றால் வரவு ரூ.1,080. லாபம் ரூ.358. "பரவால்லயே!" என்று தோன்றும். ஆனால் 5 பேர் 3 நாள் வேலை பார்த்திருந்தால்? மொத்தம் 15 நாள் உழைப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 24 ரூபாய்கூட வரவில்லை.

கிளப்பின் முதல் பாடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. விலையை ஏற்றலாமா? 50 கிலோவாகச் செய்தால் நேரம் மிச்சமாகுமா? பெங்களூரில் இருக்கும் சீனியர்களுக்கு அனுப்பினால் கூரியர் செலவு என்ன? தக்காளியைக் காயவைத்துப் பொடியாக்கலாமே என்று யாராவது சொன்னால், தக்காளியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நூறு கிலோ வாங்கினால் கைக்கு வருவது ஐந்தாறு கிலோ. இதை எந்த மோட்டிவேஷன் ஸ்பீச்சும் சொல்லித்தராது.

நஷ்டம் வந்தால் யாருடையது?

யாரும் பேசாத விஷயம் இது. தருமபுரியில் கல்லூரிக்கு வருபவர்களில் பலர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அங்கே 5,000 ரூபாய் நஷ்டம் என்பது 'அனுபவம்' அல்ல. அடுத்த செமஸ்டர் ஃபீஸ். "ரிஸ்க் எடு" என்று மேடையில் சொல்வது சுலபம். அந்த ரிஸ்க்கை மாணவரின் அம்மா வாங்கிய மகளிர் குழுக் கடன் சுமக்கக் கூடாது.

அதனால் முதல் முதலீட்டைக் கல்லூரிதான் போட வேண்டும். அந்த 1 சதவீத விதி இருப்பது இதற்குத்தான். ஒரு குழுவுக்கு ஒரு உச்சவரம்பு, போனால் போனதுதான், மாணவரிடம் திரும்பக் கேட்பதில்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும். வரவு செலவு நோட்டு எல்லா உறுப்பினரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். பணம் யாரோ ஒருவரின் ஜிபே நம்பருக்குப் போகாமல் கிளப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். நண்பர்கள் சேர்ந்து செய்த தொழில் உடைவதற்கு ஐடியாவைவிட, எழுதிவைக்காத கணக்கே பெரிய காரணம்.

கடைசி பஸ்ஸை மறக்க வேண்டாம்

கிளப் மீட்டிங்கை மாலை 5 மணிக்கு வைத்தால் என்ன ஆகும்? ஊருக்குப் போகும் டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள், அதிலும் மாணவிகள், எழுந்து போய்விடுவார்கள். மிஞ்சுவது ஹாஸ்டல் பையன்களும் பைக் வைத்திருப்பவர்களும்தான். மதிய இடைவேளையிலோ டைம்டேபிளுக்குள் ஒரு பீரியடாகவோ வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. சின்ன விஷயம்தான், ஆனால் கிளப்பில் யார் இருப்பார்கள் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

தொடங்க என்ன வேண்டும்?

- வெவ்வேறு துறைகளிலிருந்து 10 பேர். கணக்கு தெரிந்தவர், பேசத் தெரிந்தவர், பொருள் தெரிந்தவர் மூவரும் இருந்தால் நல்லது.
- பொறுப்பாசிரியர் ஒருவர், முதல்வரின் எழுத்துபூர்வ அனுமதி.
- உணவுப் பொருள் என்றால், வளாகத்துக்குள் விற்றாலும், எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு. பாக்கெட்டில் எடை, விலை, தயாரித்த தேதி.
- உள்ளூர் வழிகாட்டி: மண்டி வியாபாரி, மகளிர் சுய உதவிக் குழு, மாவட்ட தொழில் மைய அலுவலர்.
- முதல் 60 நாளில் ஏதாவது ஒரு பொருளை உண்மையிலேயே விற்க வேண்டும் என்ற இலக்கு.

படிப்பு முடிந்த பிறகும் தொடர நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. உத்யம் பதிவு இலவசம். மாநில அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. இவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கி மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி ஏதாவது பண்ணியிருக்கியாப்பா?" என்பதாகத்தான் இருக்கும். இரண்டு வருட கிளப் கணக்கு நோட்டைவிட நல்ல பதில் அதற்குக் கிடையாது.

கிளப்பில் சேரும் நூறு பேரில் 95 பேர் கடைசியில் வேலைக்குத்தான் போவார்கள். போகட்டும். விலை போடவும், வாடிக்கையாளரிடம் பேசவும், நஷ்டத்தை நோட்டில் மறைக்காமல் எழுதவும் கற்றுக்கொண்டு போவார்கள். மீதி ஐந்து பேர் ஊரிலேயே இருந்து ஆளுக்கு நாலு பேருக்கு வேலை கொடுத்தால் இருபது குடும்பம். அந்த இருபது பேர் பெங்களூரு பஸ்ஸில் ஏற வேண்டிய கட்டாயம் இருக்காது. கல்லூரி நிர்வாகங்கள் இந்த ஆண்டு விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை இதற்கு மாற்றினாலே போதும், தொடங்கிவிடலாம்.